சம்பளமில்லாத காவல்காரர்கள்

ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரி கிடையாது என்று 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நம் வட்டாரத்தில் பென்ஷன் வாங்கும் பெரும்பாலோர் அன்றோடு அந்த வரியின் எல்லைக்கு வெளியே வந்துவிட்டோம். நல்லதுதான். வேடிக்கை அதற்குப் பிறகு ஆரம்பித்தது. பெரும் பணக்காரர்கள் மீது வரியை ஏற்றலாமா என்று தொலைக்காட்சியில் யாராவது வாய் திறந்தால் போதும், முதலில் கோபம் வருவது நமக்குத்தான். "உழைச்சு முன்னுக்கு வந்தவன்கிட்ட புடுங்குறது என்ன நியாயம்?" என்கிறார் ஒருவர். "வரியைப் போட்டா அவன் துபாய்க்குப் போயிடுவான், நம்ம பிள்ளைங்களுக்கு எவன் வேலை குடுப்பான்?" என்கிறார் இன்னொருவர். அந்தப் பணக்காரருக்கு நம்மை யாரென்றே தெரியாது. அவர் வீட்டு வாசலில் நாம் சம்பளமில்லாமல் கம்பு பிடித்து நிற்கிறோம்.

இந்தக் காவல் வேலையை ராஜினாமா செய்யச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பயத்தைத் தெளிவித்துவிடுகிறேன். ஒரு மாடி வீடு, மூன்று மா நிலம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை, தபால் ஆபீசில் கொஞ்சம் டெபாசிட். இவ்வளவு இருக்கிறவர் தன்னையும் பணக்காரர் பட்டியலில் சேர்த்துக்கொண்டு நடுங்குகிறார். ஐயா, உங்களை யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தோமா பிக்கெத்தியும் அவருடைய சகாக்களும் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2022-23-ஆம் ஆண்டில் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதமும் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதமும் மேலே இருக்கும் ஒரு சதவீதத்தினரின் கையில் இருந்தன என்பது அந்தக் கணக்கு. அவர்கள் சொன்ன யோசனைகளில் ஒன்று, பத்துக் கோடிக்கு மேல் சொத்து உள்ளவர்களிடம் அந்த மேல்தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 2 சதவீதம் வாங்கலாம் என்பது. பத்துக் கோடி என்றால் எவ்வளவு? மாதம் ஒரு லட்சம் ரூபாய் பென்ஷன் வாங்குகிறவர் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தால் 83 ஆண்டு ஆகும். நம் வயதில் சித்திரகுப்தன் அவ்வளவு தவணை தரமாட்டான்.

அடுத்து அந்த "உழைச்சு" என்ற சொல். அரசு அலுவலகத்தில் பில் போட்டவன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு. ஜனவரி, பிப்ரவரி வந்துவிட்டால் ஆசிரியர்களும் நர்சுகளும் எல்ஐசி ரசீதையும் வாடகை ரசீதையும் பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீதையும் எடுத்துக்கொண்டு என் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். ஒரு ரசீது குறைந்தால் பிப்ரவரிச் சம்பளத்தில் பாதி போய்விடும். அவர்கள் கைக்குப் பணம் போகுமுன்பே அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏய்ப்பதற்கு வழி கிடையாது, ஒத்திப்போடவும் வழி கிடையாது. இந்த நாட்டில் உழைத்துச் சம்பாதிக்கிறவனுக்கு வரி என்பது இப்படித்தான் வருகிறது.

பெரும் பணக்காரனுக்கு இப்படி வருவதில்லை. ஏனென்றால் அவனுடைய பணம் சம்பளம் என்ற வாசல் வழியாக வருவதில்லை. 24 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒரு பொறியாளர் புதிய முறையில் அடுத்து ஈட்டும் ஒவ்வொரு ரூபாயிலும் 30 காசு வரி கட்ட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்று லாபம் பார்ப்பவர், முதல் ஒன்றேகால் லட்சம் போக மீதிக்குக் கட்டுவது பன்னிரண்டரைக் காசு. லாபம் ஆயிரம் கோடி ஆனாலும் அதே பன்னிரண்டரைதான். கூடுதல் வரியான சர்சார்ஜும் அந்த லாபத்துக்கு 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு கட்டிவைத்திருக்கிறார்கள். 2004-லிருந்து 2018 வரை அந்த லாபத்துக்கு வருமான வரியே கிடையாது என்பது இன்னும் பெரிய கதை. சரி, விற்கவே இல்லை என்றால்? விற்காத பங்குக்கு வரி இல்லை. அது பத்து மடங்கு பெருகட்டும், இல்லை. அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கிச் செலவழிக்கட்டும், கடன் வருமானம் ஆகாது, அதற்கும் இல்லை. கடைசியில் செத்துப்போய்ப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும், அப்போதும் இல்லை.

இதில் உழைப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உழைப்புக்கு 30, உட்கார்ந்திருந்ததற்குப் பன்னிரண்டரை. உழைத்தவனிடம் பிடுங்கக்கூடாது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முதலில் கோபப்பட வேண்டும்.

டெல்டாக்காரர்கள் கோபிக்கக்கூடாது, இன்னொரு வாசலையும் சொல்ல வேண்டும். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. மாவும் குழியும் கணக்குப் பார்த்து, மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா என்று ஆடி மாதம் முழுக்கக் கவலைப்படும் நம் விவசாயிக்கு அது இருக்கட்டும், அவருக்கு வரி போட்டாலும் அதில் ஒன்றும் தேறாது. ஆனால் பட்டணத்தில் தொழில் செய்துகொண்டு, ஒரு தோப்பை வாங்கிப் போட்டு, எங்கிருந்தோ வந்த பணத்தை எல்லாம் தேங்காய் விற்ற பணமாகக் காட்டுகிறவரும் அதே குடையின் கீழ்தான் நிற்கிறார். பொருளாதார நிபுணர் கே.என். ராஜ் தலைமையிலான குழு பெரிய நிலப்பண்ணைகளுக்கு வரி போட வழி சொல்லி 1972-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. வேறு வருமானம் உள்ளவர்களுக்கு வரி விகிதத்தைக் கணக்கிடும்போது மட்டும் விவசாய வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டுகளாக ஏழை விவசாயியின் பெயரைச் சொல்லியே அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

"நாம கட்டுற வரியிலதான் அவங்களுக்கு இலவசம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த "அவங்க" வரி கட்டாமலா இருக்கிறார்கள்? மீன் கூடையைத் தலையில் சுமக்கிற அம்மாள் பேரனுக்கு வாங்கிக் கொடுத்த பிஸ்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 வரை 18 சதவீதம் ஜிஎஸ்டி. சோப்புக்கும் 18, பற்பசைக்கும் 18. இப்போது 5 ஆக்கியிருக்கிறார்கள், எட்டு வருடம் வாங்கிய பிறகு. அரிசிக்குக்கூட வரி வந்தது நினைவிருக்கும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை உள்ள லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5 சதவீதம். உடனே நம் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்ததே! கோடீஸ்வரனுக்கு ஆடிட்டர் இருக்கிறார். சோறு தின்கிறவனுக்குக் கிடைத்த வரி யோசனை அந்த ஒரு கிலோதான்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது அழகல்ல. நம் காலத்திலேயே பார்த்தோம். 1973-74-ல் வருமான வரியின் உச்ச விகிதம், சர்சார்ஜையும் சேர்த்து, 97.75 சதவீதம். அதாவது இரண்டு லட்சத்துக்கு மேல் நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். இதற்கு மேல் சொத்து வரி வேறு. எவன் கட்டுவான்? கட்டவில்லை. வெள்ளைப் பணம், கறுப்புப் பணம் என்ற சொற்கள் வீட்டுப் பெண்கள் வாயில்கூடப் புழங்க ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். பத்திரத்தில் ஒரு விலை, பையில் ஒரு விலை என்ற பழக்கம் இன்றுவரை நம் பதிவு அலுவலகங்களை விட்டுப் போகவில்லை. இவ்வளவு உயர்ந்த விகிதமே ஏய்ப்புக்குக் காரணம் என்று 1971 டிசம்பரில் வாஞ்சூ குழு எழுதிக் கொடுத்தது. 1974-75-ல் 77 ஆக இறக்கினார்கள். வி.பி. சிங் 1985-ல் 50 ஆக்கினார். 1997-ல் ப. சிதம்பரம் 30-க்குக் கொண்டுவந்தார். இறக்கியது சரிதான். 97.75-க்குத் திரும்பிப் போ என்று புத்தியுள்ள எவரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கதையின் முதல் பாகத்தை யாரும் சொல்வதில்லை. 1956-ல் நேரு அரசாங்கம் கேம்பிரிட்ஜிலிருந்து நிக்கோலஸ் கால்டர் என்ற பொருளாதார நிபுணரை வரவழைத்து யோசனை கேட்டது. வருமான வரியின் உச்ச விகிதம் 45 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம், அதற்குப் பதிலாகச் சொத்து, சொத்து விற்ற லாபம், தானம், ஆடம்பரச் செலவு எல்லாவற்றுக்கும் மிதமாக வரி போட்டு, ஒன்றோடு ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னார். ஒரு வாசலில் மறைத்தால் இன்னொரு வாசலில் மாட்டிக்கொள்வான் என்பது கணக்கு. நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957 பட்ஜெட்டில் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். வரிகளை எடுத்துக்கொண்டார்கள், 45 என்ற யோசனையை மட்டும் விட்டுவிட்டார்கள். மருந்தையும் கொடுத்து, பத்தியத்தை விட்டால் என்ன ஆகும்? பிறகு ஒவ்வொரு வரியாகக் கழன்றது. செலவு வரி 1966-ல் போனது. 1953-லிருந்து இருந்த வாரிசுச் சொத்து வரி 1985-ல் போனது. தானவரி 1998-ல், சொத்து வரி 2015-ல். இன்று 30 சதவீதம் என்ற ஒற்றைக் கதவு மட்டும் நிற்கிறது, அதில் சம்பளக்காரன் மட்டும் நுழைகிறான்.

சொத்து வரியை எடுத்தபோது அருண் ஜெட்லி சொன்ன காரணம், 2013-14-ல் அதில் வந்தது வெறும் 1,008 கோடி என்பது. உண்மை. ஏன் அவ்வளவு குறைவு என்பதை யாரும் கேட்கவில்லை. 1993-லிருந்து பங்குகளுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு. பெரும் பணக்காரனின் சொத்து முக்காலும் பங்காகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு நகையையும் காரையும் காலி மனையையும் எண்ணிக்கொண்டிருந்தால் ஆயிரம் கோடிதான் வரும். வலையில் கண்ணைக் கிழித்துவிட்டு, கடலில் மீனே இல்லை என்று சொல்வதை நம் கரையில் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

2019-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 5-ஆம் தேதி பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் புறநானூற்றிலிருந்து பிசிராந்தையார் பாட்டைச் சொன்னார். அரசன் வரி வாங்கும் முறை பற்றி அறிவுடைநம்பிக்குச் சொன்ன பாட்டு. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். அதே யானை தானாக வயலில் இறங்கினால், நூறு வயலானாலும் தின்பதைவிட மிதிபட்டு அழிவதே அதிகம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதே பட்ஜெட்டில் இரண்டு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 25 சதவீதமும் ஐந்து கோடிக்கு மேல் 37 சதவீதமும் சர்சார்ஜ் போட்டார்கள். மொத்த உச்ச விகிதம் 42.74 ஆனது. பரவாயில்லையே என்று நினைத்தேன்.

ஏழு வாரம் தாங்கவில்லை. பங்குச் சந்தை முகம் சுளித்தது. ஆகஸ்ட் 23-ஆம் தேதி பங்கு விற்ற லாபத்துக்கு அந்தக் கூடுதல் சர்சார்ஜ் இல்லை என்று வாபஸ் வாங்கினார்கள். செப்டம்பர் 20-ஆம் தேதி கம்பெனிகளுக்கான வரியை 30-லிருந்து 22-க்கு இறக்கினார்கள். புதிய தொழிற்சாலைகளுக்கு 15. அரசாங்கமே சொன்ன கணக்குப்படி ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் விட்டுக்கொடுத்தது. 2023-ல் 37 சதவீத சர்சார்ஜையும் புதிய முறையில் 25-க்குக் குறைத்தார்கள். உச்ச விகிதம் 39-க்கு இறங்கியது. விளைவு என்ன? 2018-19-ல் கம்பெனிகள் கட்டியது சுமார் 6.6 லட்சம் கோடி, தனிமனிதர்கள் கட்டியது அதைவிடக் குறைவு. 2023-24-ல் கம்பெனிகள் சுமார் 9.1 லட்சம் கோடி, தனிமனிதர்கள் சுமார் 10.4 லட்சம் கோடி. பிசிராந்தையாரின் யானை இன்றும் வயலில்தான் இறங்கியிருக்கிறது. மிதிபடுவது மா, குழி கணக்கில் இருக்கும் சின்ன வயல். மிராசுதாரின் பண்ணை வரப்பருகே அது போவதில்லை.

இதையும் விட எனக்கு ஆறாத ஒன்று உண்டு. கோப்பில் குறிப்பு எழுதிய கை என்பதால் இருக்கலாம். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது, வருமான வரித் துறையின் இளம் அதிகாரிகள் சுமார் ஐம்பது பேர் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கொஞ்ச காலம் 40 சதவீதம் போடலாம், அல்லது ஐந்து கோடிக்கு மேல் சொத்துள்ளவர்களுக்குச் சொத்து வரியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பது அதில் இருந்த யோசனைகள். மக்கள் கைக்குழந்தையோடு நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நேரடி வரிகள் வாரியம் இந்த அறிக்கையை நாங்கள் கேட்கவில்லை என்று மறுத்தது. மூன்று மூத்த அதிகாரிகளுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போனது. அனுமதியில்லாமல் வெளியே விட்டது நடத்தை விதிப்படி தப்பு என்பார்கள், இருக்கட்டும். ஒரு யோசனை பிடிக்காவிட்டால் "பார்த்தேன், மூடுக" என்று எழுதிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். பணக்காரனுக்கு வரி என்று எழுதிய குறிப்புக்கு மட்டும் ஏன் அத்தனை பதற்றம்?

"துபாய்க்குப் போயிடுவான்" என்பதற்கு வருகிறேன். நம் ஊரில் சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பங்களும் பாரீசில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களும் பல என்பதால் பிரான்ஸ் கதை உங்களுக்குப் புதிதல்ல. பிரான்சுவா ஒல்லாந்து 2012-ல் பத்து லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 75 சதவீதம் என்றார். நடிகர் ஜெரார் தெபார்தியே பெல்ஜியத்தில் வீடு வாங்கினார், பிறகு ரஷ்யப் பிரஜையானார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அரசியல் சட்ட மன்றம் அந்த வரியைத் தள்ளிவிட்டது. "பாத்தியா, போயிட்டான்" என்று இதைத்தான் காட்டுகிறார்கள். அவர் தூக்கிக்கொண்டு போனது தன் உடம்பை. தொழிற்சாலையை, துறைமுகத்தை, சுரங்கத்தை, செல்போன் கோபுரத்தை யார் தூக்கிக்கொண்டு போக முடியும்? நம் பெரும் பணக்காரர்களின் செல்வம் இந்த மண்ணில் நட்டுவைத்தது. நூற்று நாற்பது கோடிப் பேர் வாங்குவதால்தான் அது காய்க்கிறது. தவிர, ஓடுகிறவனைப் பிடிக்க வழியில்லாமல் இல்லை. அமெரிக்கா தன் பிரஜை எந்த நாட்டில் இருந்தாலும் கணக்குக் கேட்கிறது. பிரான்ஸ் 2011-லிருந்து வெளியேறுகிறவர் கையிலிருக்கும் பங்குகளின் லாபத்துக்கு வரி கேட்கிறது.

பிரான்சில் இந்தச் சண்டை பழையது. 1909-ல் மக்கள் சபை நிறைவேற்றிய வருமான வரி மசோதாவை செனட் ஐந்து ஆண்டு கிடப்பில் போட்டது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் ஜோசப் கய்யோவைப் பத்திரிகைகள் கிழித்தன. கடைசியில் 1914 மார்ச்சில் அவர் மனைவி 'லெ ஃபிகாரோ' ஆசிரியரை அவர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார். வரியோடு அந்தரங்கக் கடிதங்களும் சேர்ந்த விவகாரம் அது. ஜூலை 15-ஆம் தேதி சட்டம் வந்தது. இத்தனை ரகளைக்கும் உச்ச விகிதம் எவ்வளவு தெரியுமா? 2 சதவீதம். இப்போது கேப்ரியேல் சுக்மன் என்ற இளம் பொருளாதாரப் பேராசிரியர், பத்துக் கோடி யூரோவுக்கு மேல் சொத்துள்ளவர்கள் ஆண்டுக்குச் சொத்தில் குறைந்தது 2 சதவீதமாவது வரியாகக் கட்ட வேண்டும் என்கிறார். 2025 பிப்ரவரியில் மக்கள் சபை ஏற்றது, ஜூனில் செனட் தள்ளியது, அக்டோபர் 31-ல் மக்கள் சபையே தள்ளியது. நூற்றுப் பதினோரு ஆண்டுக்கு அப்பாலும் அதே இரண்டு, அதே கூச்சல். ஆக, பிரச்சினை விகிதம் அல்ல. கேட்பதே பிடிக்கவில்லை.

எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் உருப்போட வைத்த 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆம் பிரிவு, பொதுச் செலவுக்கான வரி அவரவர் சக்திக்கு ஏற்பப் பங்கிடப்பட வேண்டும் என்கிறது. பாரீசுக்குப் போக வேண்டியதில்லை. நம் கரையோர மீனவ ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று அது சமம். ஆனால் பல ஊர்களில் மீன்பாட்டிலிருந்து ஊருக்குப் பங்கு எடுக்கும்போது, நிறையப் பிடித்த படகு நிறையத்தான் கொடுக்கும். "நான் பெரிய படகு வாங்கினது என் உழைப்பு, அடுத்த ஊருக்குப் போயிடுவேன்" என்று யாரும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக வாரிசுச் சொத்து. 2024 ஏப்ரலில் நாம் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்டு முடித்த சில நாளில், சாம் பிட்ரோடா அமெரிக்காவில் உள்ள பரம்பரைச் சொத்து வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார். தாலியைப் பறிக்கப் போகிறார்கள் என்கிற அளவுக்குப் பிரச்சாரம் போனது. அவருடைய காங்கிரஸ் கட்சியே அது எங்கள் கருத்தல்ல என்று கையைக் கழுவியது. பாட்டி போட்டிருந்த எட்டுப் பவுனுக்கும் பல்லாயிரம் கோடிப் பங்குக்கும் வித்தியாசம் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. வி.பி. சிங் 1985-ல் அந்த வரியை எடுத்ததற்குக் காரணம் அதில் சுமார் 20 கோடிதான் வந்தது என்பது. அப்போது 20 லட்சத்துக்கு மேல் 85 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். அது அசட்டுத்தனமான விகிதம், எடுத்தது நியாயம். பத்துக் கோடிக்கு மேல் என்று வைத்து மிதமாகப் போட்டால் அதில் நம் எவர் வீட்டுப் பாத்திரமும் உருளாது. அப்பன் உழைத்தான் என்றே வைத்துக்கொள்வோம். பேரன் என்ன உழைத்தான்?

1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருகிறது. பிரிவு எண்களை மாற்றி, வாசகத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டரையும், அந்த 15 சதவீத உச்சவரம்பும், தேங்காய்த் தோப்புக் குடையும் பத்திரமாகப் புதிய வீட்டுக்குக் குடிபோகின்றன. வருகிற பிப்ரவரி பட்ஜெட் அன்று தொலைக்காட்சியில் நமக்கு எவ்வளவு கழிவு என்று மட்டும் பார்க்காமல், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை யாராவது தொட்டார்களா என்று பாருங்கள். மறுநாள் இங்கே எழுதுகிறேன்.